பத்துக்கு ஆறு குச்சி

ஏழாயிரம்பண்ணையில் இருந்து மேற்கே போகும் சாலையில், கருவேலங்காட்டுக்கு நடுவே இருக்கிற ஒரு பட்டாசுக் கம்பெனியின் கேட்டில் கரும்பலகை ஒன்று தொங்குகிறது. வேலை நேரத்தையும் விடுமுறை நாளையும் எழுதுவதற்காக வாங்கியது. சித்திரை, வைகாசி மாதங்களில் அதில் அதெல்லாம் இருக்காது. சுண்ணக்கட்டியால் பத்துக் கோடுகள் வரிசையாகப் போட்டிருக்கும். அவற்றில் இரண்டுக்கோ மூன்றுக்கோ தீக்குச்சியின் தலை மாதிரி ஒரு குமிழ் இருக்கும். மூன்று குமிழ் என்றால், அன்றைக்கு இடிமின்னல் இந்தப் பக்கம் வருவதற்குப் பத்துக்கு மூன்று வாய்ப்பு என்று அர்த்தம். வேன்களில் இருந்து இறங்குகிற நூற்றுப் பதினெட்டு பேரும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அதை எழுதுகிறவள் அழகுமீனா. பெண்களைச் சோதித்து உள்ளே அனுப்புவது அவள் வேலை. ஊக்கு, கொலுசு, செல்போன் என்று தீப்பொறி கிளப்பக்கூடிய எதுவும் வெடிமருந்து இருக்கிற இடத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படிக்காதவர்களின் காதில் இயற்கை தானாக வந்து ரகசியம் சொல்லும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால், ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவள் காதில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லப்போனால், அவளுக்கு இடது காது கேட்காது.

அந்தக் காது போனதில் இருந்துதான் எல்லாம் தொடங்கியது.

அப்போது அவள் அதே கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தாள். ஆலங்குளம் போகிற வழியில் ஒரு கல் குவாரி உண்டு. தினமும் மதியம் ஒரு மணிக்கு அங்கே பாறைக்கு வேட்டு வைப்பார்கள். காற்று தோதாக இருந்தால் சத்தம் இங்கே வரைக்கும் வரும். கம்பெனிக்குள் போன் கிடையாது, கைக்கடிகாரம் கிடையாது. அந்த வேட்டுதான் பெண்களுக்குச் சாப்பாட்டு மணி. வெடிச்சத்தம் கேட்டால் திடுக்கிடுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். உள்ளூரில் அது எந்தச் சத்தம் என்று ஒரு நொடியில் முடிவு கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். எங்காவது விபத்து என்றால் அது வேறு. அது தரை வழியாகக் காலில் தெரியும்.

ஒரு சித்திரை மாதம் அப்படித்தான் மேற்கே ஒரு சத்தம் கேட்டது. “வேட்டுப் போட்டாச்சு, வாங்கட்டி” என்று மாரிசெல்வி தூக்குவாளியோடு எழுந்தாள். மாரிசெல்வி அழகுமீனாவின் பக்கத்து அறைக்காரி. கையும் வேகம், வாயும் வேகம். இரண்டு அறைகளிலும் இருந்த ஆறு பேரும் பட்டாசு காய வைக்கிற சிமெண்டு மேடைக்குப் பக்கத்தில் இருந்த வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். அழகுமீனா முதல் கவளத்தை உருட்டியது வரைக்கும் அவளுக்கு நினைவிருக்கிறது. மரம் இரண்டாகப் பிளந்ததை அவள் பார்க்கவில்லை.

மேடையில் அன்றைக்குச் சரக்கு குறைவு என்பதால் உயிர்கள் தப்பின. மயங்கிக் கிடந்தவளைத் தூக்கி வேனில் ஏற்றுகிறபோது மேற்கே மறுபடியும் ஒரு சத்தம் கேட்டது. அப்போதுதான் மணி ஒன்று. முதலில் கேட்டது வேட்டு இல்லை என்பது எல்லாருக்கும் அந்த நொடியில்தான் விளங்கியது.

சாத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அழகுமீனாவை உறுத்தியது மின்னல் இல்லை. மின்னலுக்கு அவளோடு எந்தப் பகையும் கிடையாது. உறுத்தியது அந்தச் சத்தம். அது காதில் விழுந்தது, ஆறு பேரும் கேட்டார்கள். ஆனால் கேட்பதற்கு முன்பே அது இன்னதென்று தெரிந்து வைத்திருந்தார்கள். தெரியாதவர்களாக இருந்திருந்தால் ஒருவேளை வானத்தை நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு கையில் லேசான நடுக்கம் தங்கிவிட்டது. நடுங்குகிற கையை மருந்துக்குப் பக்கத்தில் விட முடியாது. அதனால் கேட்டுக்கு மாற்றினார்கள்.

கேட்டில் ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே போகிறவர்களின் செல்போன்கள் எல்லாம் அதற்குள்தான். வெயில் காலத்தில் சில நாள் பத்து பதினோரு மணிக்கு அந்தப் பெட்டி முழுவதும் ஒரே நேரத்தில் முனகும். சூலக்கரையில் இருக்கிற கலெக்டர் ஆபீசில் இருந்து எல்லாருக்கும் ஒரே செய்தி வந்திருக்கும். எச்சரிக்கை யாருக்கோ அவர்கள் உள்ளே இருந்தார்கள். எச்சரிக்கை பெட்டிக்குள் இருந்தது. முதன்முதலாக ஒரு போனை எடுத்து அதைப் படித்துப் பார்த்தவள் அழகுமீனாதான். தென் கடலோர மாவட்டங்களிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் ஓரிரு இடங்களில் இடிமின்னலுடன் மழை பெய்யக்கூடும் என்று போட்டிருந்தது.

“ஓரிரு இடம்னா எங்கன?” என்று வாட்ச்மேன் கருப்பணனைக் கேட்டாள்.

“அது தெரிஞ்சா அவுகளே வந்து குடை பிடிக்க மாட்டாகளா?” என்றார் கருப்பணன்.

செய்தியில் பொய் இல்லை. ஆனால் மேடையில் நிற்கிறவளுக்கு அது போதாது. காய்கிற சரக்கைத் தட்டுத் தட்டாகத் தூக்கி உள்ளே வைக்க முக்கால் மணி நேரம் ஆகும். இடி கேட்ட பிறகு தொடங்கினால், தலைக்கு மேல் மின்னலும் கையில் மருந்துமாக நடக்க வேண்டும். கேட்பதற்கு முன்பே தெரிய வேண்டும். அதுவும் இந்த மேடைக்குத் தெரிய வேண்டும்.

அவள் ஒரு நோட்டு வாங்கினாள். தங்கை வள்ளித்தாயை வேம்பாரில் கட்டிக்கொடுத்திருந்தது. கடலோரம், உப்பளத்தில் வேலை. தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே நூறடி தள்ளிப் போய் நின்று அவளுக்குப் போன் போட்டு, கடல் காற்று எத்தனை மணிக்குத் திரும்பியது என்று கேட்டு எழுதினாள். வேம்பாரில் சீக்கிரம் திரும்புகிற காற்றுதான் ஈரத்தைச் சுமந்துகொண்டு மதியத்துக்கு மேல் இங்கே வந்து, மேற்கு மலையில் இருந்து இறங்குகிற காற்றோடு மோதுகிறது என்பது சில வாரங்களில் பிடிபட்டது. லேபிள் ஒட்டுகிற பசை காய எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதினாள். காற்றில் ஈரம் இருந்தால் பசை காயாமல் அடம்பிடிக்கும். கருப்பணனின் பழைய ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் திருப்பி வைத்து, எப்போது கரகரக்கிறது என்றும் எழுதினாள். தூரத்தில் மின்னல் வெட்டினால் ரேடியோவுக்கு முதலில் தெரிந்துவிடும். மற்ற நேரத்தில் அவளுக்கு வலது காது போதும்.

“பாட்டுக் கேக்கணும்னு வாங்குன ரேடியோ. இவ கரகரப்ப மட்டும் கேக்குறா” என்று கருப்பணன் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் வருடம் அவள் ஒரு தப்புச் செய்தாள். பலகையில் ‘வரும்’ என்றோ ‘வராது’ என்றோ எழுதினாள். பதினோரு நாள் ‘வரும்’ என்று எழுதியதில் நான்கு நாள்தான் வந்தது. மற்ற ஏழு நாளும் சரக்கை உள்ளே தூக்கி, வெயிலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து, அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போனார்கள். செய்த வேலைக்குத்தான் கூலி என்கிற இடத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

“மதினி, உங்க இடி வழி தெரியாம சாத்தூருக்குப் போயிருச்சா?” என்றாள் மாரிசெல்வி.

“பஸ்சு கிடைச்சிருக்காது” என்றாள் இன்னொருத்தி.

பன்னிரண்டாவது தடவை அடையாளம் எல்லாம் தெரிந்தும் அழகுமீனா பலகையில் எதுவும் எழுதவில்லை. அன்றைக்கு மூன்று மணிக்கு இடிமின்னலோடு வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. ஓடிய பெண்களில் ஒருத்தி தட்டோடு வழுக்கி விழுந்தாள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமல் போனது அதிர்ஷ்டம் என்பது கேட்டில் நின்றவளுக்குத் தெரியும். தப்பாகிவிடுமோ என்று பேசாமல் இருந்ததுதான் அவள் செய்த எல்லாத் தப்பிலும் பெரியது. இதை அவளே பிற்பாடு சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை அடுப்புப் பற்ற வைக்கிறபோது முதல் குச்சி பிடிக்கவில்லை. இரண்டாவது பிடித்தது. அவள் எரிகிற குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, சுடுகிற வரைக்கும் நின்றாள்.

பட்டாசுக்கு வருவதற்கு முன்னால் அவள் தீப்பெட்டி ஆபீசில் இருந்தவள். ஒவ்வொரு தடவை மருந்தில் முக்கி எடுத்த குச்சியிலும் பத்தை உருவி உரசிப் பார்ப்பது அவள் வேலை. எட்டு பிடித்தால் எட்டு என்று சொல்ல வேண்டும். எந்தக் குச்சி பிடிக்காது என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை, அது யாருக்கும் தெரியாது என்று எல்லாருக்கும் தெரியும். எத்தனை என்றுதான் கேட்டார்கள். அந்த எண்ணிக்கையை நம்பித்தான் பெட்டி பெட்டியாக லாரி ஏறியது. அப்படி இருக்க, வானத்திடம் மட்டும் எதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் கேட்டாள்?

நோட்டைப் புரட்டினாள். வேம்பார்க் காற்று பத்து மணிக்கு முன்னால் திரும்பி, பசையும் காயாமல் இருந்த நாட்களைத் தனியாக எடுத்துப் பார்த்தாள். இடி வந்தது பத்தில் நான்கு நாள். ரேடியோவும் மதியத்துக்குள் கரகரத்த நாட்களைப் பார்த்தாள். பத்தில் ஆறு. காற்று பத்துக்கு மேல் திரும்பிய நாட்களில், பத்தில் ஒன்று கூடத் தேறவில்லை.

அறிவு என்பது நிச்சயம் என்று நினைப்பது ஒரு பழைய ஆசை. பெரிய படிப்பாளிகளே அதில் இருந்து வெளியே வரச் சிரமப்பட்டிருக்கிறார்கள். அழகுமீனா அதைத் தாண்டியது ஒரு நோட்டையும் ஒரு தீக்குச்சியையும் வைத்துக்கொண்டு.

அடுத்த சித்திரையில் அவள் டீ நேரத்தில் எல்லாரையும் கேட்டருகே கூப்பிட்டாள். மேனேஜர் காளீஸ்வரனும் வந்து நின்றார்.

“எத்தன குச்சின்னு நான் சொல்லுவேன்” என்றாள் அழகுமீனா. “எத்தன குச்சிக்கு எந்திரிக்கணும்னு நீங்க சொல்லுங்க. கூலி உங்களுக்குத்தான போகுது.”

இது வேறு மாதிரிப் பேச்சு என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஏழு என்றாள் ஒருத்தி. மூன்று என்றாள் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி. மாரிசெல்வி ஆறில் நின்றாள். கடைசியில் ஐந்து என்று முடிவாயிற்று. ஐந்து குச்சி விழுந்தால் மேடையைக் காலி செய்துவிட்டு, இடிதாங்கி இருக்கிற, கேட்டை ஒட்டிய செட்டுக்கு வந்துவிட வேண்டும். கேட்டில் தொங்குகிற தண்டவாளத் துண்டை, எத்தனை குச்சியோ அத்தனை தடவை கருப்பணன் அடிப்பார். காளீஸ்வரன் தலையாட்டினார். அந்தச் சித்திரையில் அவள் ஐந்தைத் தொட்டது மூன்றே நாள்தான். அதில் இரண்டு நாள் இடி வந்தது, ஆனால் தூரத்தோடு போயிற்று. ஆகவே இந்த ஏற்பாடு இன்னும் உரசிப் பார்க்காத குச்சியாகத்தான் இருந்தது.

உரசிய நாள் வைகாசியில் வந்தது.

கோயில் கொடைத் திருவிழா சீசன். விருதுநகரில் பட்டாசு மொத்த வியாபாரம் செய்கிற தவுபிக் பாய் காலையிலேயே லோடு லாரியோடு வந்து உட்கார்ந்திருந்தார். கடைசிச் சரக்கு மேடையில் காய்ந்துகொண்டிருந்தது. மாலை வரைக்கும் வெயில் கிடைத்தால் லாரி கிளம்பிவிடும். பலகையில் மூன்று குச்சி.

பத்து மணிக்கு வள்ளித்தாயிடம் பேசினாள். “ஒம்பதரைக்கே திரும்பிருச்சுக்கா, முந்தான நிக்கல” என்றாள் தங்கை. பசையைப் போய்ப் பார்த்தாள். அரை மணி நேரம் ஆகியும் விரலில் ஒட்டியது. நான்கு குச்சி ஆக்கினாள். பன்னிரண்டு மணிக்கு ரேடியோ ஒரு தடவை கரகரத்தது. அப்புறம் இரண்டு தடவை. மேற்கே மலைக்கு மேல் சோளப்பொரியைக் குவித்த மாதிரி வெள்ளையாக மேகம் எழுந்துகொண்டிருந்தது. தலைக்கு மேல் சுத்தமான நீலம். அவள் பலகையைத் துடைத்து ஆறு குமிழ் போட்டாள்.

காளீஸ்வரன் வேகமாக வந்தார். “என்ன அழகுமீனா, வெயிலு மண்டையப் பொளக்குது. ஆறுங்குற?”

“நோட்டு சொல்லுது சார்.”

“ஆறுதான? பத்து இல்லையே. நாலு பங்கு வராதுன்னும் நீதான் சொல்லுற. பாய் ஆர்டர்மா இது. இன்னைக்கு ஒருநாள் விட்டுரு.”

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்த நான்கு குச்சியும் அவளுக்குத் தெரியும். இன்றைக்கு வராமல் போனால் லாரி வெறுமனே திரும்பும், பலகையைக் கழற்றிவிடுவார்கள், அதன் பிறகு எத்தனை குமிழ் போட்டாலும் ஒருத்தியும் எழுந்திருக்க மாட்டாள். ஆனால் போன வருடம் வாயை மூடிக்கொண்டிருந்த நாளும் அவளுக்குத் தெரியும்.

“சார், ஒண்ணு கேக்குறேன். பத்துக் குச்சியில ஆறுதான் பத்தும், நாலு பத்தாதுன்னு ஒரு தீப்பெட்டி தாரேன். அத மருந்து ரூமுக்குள்ள கொண்டு போவீகளா?”

அந்த வட்டாரத்தில் பிறந்த யாரும் அதற்குப் பதில் யோசிக்க வேண்டியதில்லை. தவுபிக் பாய் லாரி நிழலில் இருந்து எழுந்து நின்றார். மேனேஜர் சரி என்று சொல்வதற்கு முன்னால், கருப்பணன் ரேடியோவைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தண்டவாளத்தை அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது அடிக்கே அறைகளில் ஆட்கள் எழுந்துவிட்டார்கள். ஆறு முடிகிறபோது மேடையில் இருந்து முதல் தட்டு நகர்ந்தது.

யாரும் ஓடவில்லை. பதற்றமில்லாமல் ஒரே வரிசையாக, எறும்பு அரிசி இழுக்கிற மாதிரி, தட்டுகள் உள்ளே போயின. வேலை முடிந்தவர்கள் செட்டுக்கு வந்து அவரவர் போனை வாங்கிக்கொண்டார்கள். பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் மாரிசெல்வியின் போன் மட்டும் மிஞ்சியது. அழகுமீனா அதைப் பார்த்துவிட்டு, அவளைத் தேடிக் கேட்டைத் தாண்டி உள்ளே இரண்டு எட்டு வைத்தாள்.

“வாரேன் மதினி, கடைசித் தட்ட வச்சிட்டுத்தான வர முடியும்” என்று மாரிசெல்வி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மேற்கே குவாரியில் ஒரு மணி வேட்டுக் கேட்டது. “இது வேட்டு. உங்க ஆளு எப்ப வாராரு?”

செட்டுக்குள் சிரிப்பு எழுந்தது. இரண்டு மணி வரைக்கும் சிரித்தார்கள். வெயில் அடித்துக்கொண்டே இருந்தது. காளீஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்தார். தவுபிக் பாய் வானத்தைப் பார்த்தார். அழகுமீனா பலகையில் அந்த நான்கு வெறும் கோடுகளைப் பார்த்தாள்.

இரண்டேகாலுக்குக் கிழக்கே வேம்பார்ப் பக்கம் இருந்து சில்லென்று ஒரு காற்று வந்து எல்லாருடைய முகத்திலும் புழுதியை அள்ளிப் போட்டது. கருவேலங்காடு ஒரே பக்கமாகச் சாய்ந்தது. வெள்ளைப் பொரி மேகம் எப்போது கறுத்தது, எப்போது தலைக்கு மேல் வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. இரண்டு நாற்பதுக்கு எல்லாமே வெள்ளையாயிற்று. சத்தம் காதுக்கு வரவில்லை, காலில் வந்தது. அழகுமீனாவுக்குக்கூட இரண்டு காதிலும் கேட்டது போல இருந்தது.

மழை விட்டதும் போய்ப் பார்த்தார்கள். காய வைக்கும் மேடையின் நடுவில், கடைசித் தட்டு இருந்த இடத்தில், முறத்தின் அகலத்துக்குச் சிமெண்டு கறுத்துப் பெயர்ந்திருந்தது. ஒரு ஓரத்தில் இருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் விரிசல். வேறு எதுவும் இல்லை. இடி வந்து வெறும் மேடையை அடித்துவிட்டுப் போயிருந்தது.

நூற்றுப் பதினெட்டு பேர் அந்தக் கறுப்பைச் சுற்றி நின்றார்கள். அது தன் கால் நின்ற இடம் என்று மாரிசெல்விக்குத் தெரியும். அவள் அழகுமீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பேசாம பத்துன்னே போட்டிருக்கலாம்ல மதினி?”

“எனக்குத் தெரிஞ்சது ஆறுதான்” என்றாள் அழகுமீனா.

சரக்கு நனையாமல் இருந்தது. மறுநாள் வெயிலில் காய்ந்து லாரி ஏறியது. ஒரு நாள் பிந்தியதற்குத் தவுபிக் பாய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளம்பும்போது கேட்டில் நின்று, “எங்க குடோனுக்கும் ஒரு நோட்டுப் போடணும். கத்துக் குடுங்க” என்று மட்டும் கேட்டார். வாரம் முடிவதற்குள் அக்கம்பக்கத்தில் ஏழு கம்பெனிகளில் இருந்து கருப்பணனுக்குப் போன் வந்தது. “இன்னைக்கு எத்தன குச்சிண்ணே?” கருப்பணன் வானிலை ஆபீஸ் தன்னுடையது என்கிற தோரணையில் பதில் சொன்னார். சூலக்கரையில் இருந்து ஒரு அதிகாரி வந்து நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டு போனார். போகும்போது, எச்சரிக்கைச் செய்தியைக் கேட்டுகளுக்கு நேரடியாக அனுப்ப ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். செய்தார்.

இதெல்லாம் வெற்றிதான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் சரியாகப் போன ஒரு நாளுக்காக ஒருவரைக் கொண்டாடுவது சுலபம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னால்கூட ஒரு நாள் தற்செயலாகச் சரியாகப் போகும். அழகுமீனா வென்ற நாள் எது என்று கேட்டால், அது பதினோரு நாள் கழித்து வந்தது.

அன்றைக்கு அவள் ஐந்து குச்சி போட்டாள். தண்டவாளம் ஐந்து தடவை அடித்தது. மேடை காலியாயிற்று. எல்லாரும் செட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். மேகம் வடக்கே ஒதுங்கிப் போய்விட்டது. நான்கு மணிக்கும் வெயில் பளீரென்று அடித்தது. ஒரு துளி இல்லை. அழகுமீனா நோட்டில் ‘வரவில்லை’ என்று எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்து, யார் முதலில் வாயைத் திறக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தாள்.

யாரும் சாத்தூர் பஸ்சைப் பற்றிப் பேசவில்லை. பெண்கள் போன்களை வாங்கிக்கொண்டு, பாதியில் நின்ற வீட்டுக் கதைகளைத் தொடர்ந்தபடி வேனுக்கு நடந்தார்கள். காளீஸ்வரன் புது டிரைவரிடம், “அஞ்சுதான சொன்னா, பத்தா சொன்னா?” என்று விளக்கிக்கொண்டிருந்தார். பெட்டி காலியாக இருந்தது.

மாரிசெல்வி வேனில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

“நாளைக்கு எத்தன குச்சி மதினி?”

“வேம்பார்ல கேட்டுட்டுச் சொல்லுதேன்” என்றாள் அழகுமீனா, பலகையைத் துடைத்துக்கொண்டே.